கிளாரன்ஸுக்குக் கொடுத்த சுருதி

நவம்பர் 22, புதன்

டேனியல் மகன் கல்யாண வரவேற்பு, ராபர்ட்சன்பேட்டையில். கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெண்ட் வாரங்கள் பிறந்துவிட்டால் கல்யாணம் வைக்க முடியாது என்று எல்லோரும் இந்த வாரத்திலேயே முட்டி மோதுகிறார்கள். பிரியாணி சுமார். கறி வேகவில்லை, சோறு குழைந்திருந்தது.

கை கழுவிக்கொண்டிருக்கும்போது போட்டுவிட்டார்கள், 'மழைக்கு முன்னே வந்திடு மார்கரெட்'. எங்கள் பாட்டு. 1970-இல் தங்கவயலில் நாங்கள் நாலு பையன்கள் 'செகண்ட் ஷிஃப்ட்' என்று பெயர் வைத்துக்கொண்டு பாடியது. வாத்தியம் கிடையாது. ஒருத்தன் மேலே உருகி உருகிப் பாடுவான், மற்ற மூன்று பேர் அடியில் வாயாலேயே தாளமும் வாத்தியமும் கொடுப்போம். அமெரிக்காவில் கறுப்பினப் பையன்கள் தெருமுனையில் நின்று பாடிய டூ-வாப் பாணி அது. சுரங்கக் கிளப்பில் கிடந்த பழைய ரிக்கார்டுகளைத் தேய்த்துத் தேய்த்துக் கற்றோம். ஒரே ஒரு இசைத்தட்டு வந்தது, நாலு பாட்டு. நாலும் இன்றைக்கும் இந்த ஊர்க் கல்யாணங்களில் ஓடுகிறது. பெங்களூரில் கல்லூரிப் பையன்கள்கூடப் பாடுகிறார்களாம்.

இருபது வயசுப் பிள்ளைகள் மொத்தமும் மேடைக்கு முன்னால் போய்விட்டது. உச்சியில் 'வந்திடூ' என்று இழுக்கும் இடம் வந்ததும் ஹாலே சேர்ந்து கத்தியது. மாப்பிள்ளை என்னிடம் வந்து, "இந்தப் பாட்டைக் கேட்டா, லவ்வே பண்ணாதவனுக்கும் யாரோ விட்டுட்டுப் போன மாதிரி இருக்கு அங்கிள்" என்றான். நல்லாத்தான் சொன்னான். அதற்குள் அவன் அப்பா, "இவர் கிளாரன்ஸ் அங்கிள் குரூப்ல இருந்தவருடா" என்று அறிமுகப்படுத்தினார். பையன் உடனே, "அப்படியா, நீங்க என்ன வாசிச்சீங்க அங்கிள்?" என்று கேட்டான்.

வாத்தியமே இல்லாத பாட்டில் நான் என்னத்தை வாசிப்பது? தும்-தும் தும்படா என்று அடிக்குரலில் பாட்டு முழுவதும் ஓடுகிறதே, அது நான். அதை எடுத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள், மேலே உருகுகிற கிளாரன்ஸ் அந்தரத்தில் தொங்குவான். இதையெல்லாம் சொல்லவில்லை. ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 26, ஞாயிறு

ஷீபா போன் செய்தாள். செத்துப்போன எங்கள் பெனடிக்டின் மகள், சர்ச்சில் பாட்டுக் குழுவை நடத்துகிறவள். டிசம்பர் பதினாறாம் தேதி கிளப் ஹாலில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியாம். செகண்ட் ஷிஃப்ட் மறுபடி மேடையேற வேண்டுமாம். அப்பா பாடின பாகத்தை அவளே பாடுகிறாளாம். எங்கள் நாலாவது ஆள் சுந்தர்சிங் சரி என்றுவிட்டான். அவன் எதற்குத்தான் சரி என்று சொல்லவில்லை.

"கிளாரன்ஸ் அங்கிள் ஒத்துக்கிட்டாரு அங்கிள், அதுதான் பெரிய விஷயம்" என்றாள்.

நான் ஒத்துக்கொள்வது சின்ன விஷயம். சரி என்றேன்.

போஸ்டரையும் அனுப்பிவிட்டாள். 'கிளாரன்ஸும் செகண்ட் ஷிஃப்டும்.' அன்றைக்கு இசைத்தட்டு அட்டையிலும் கம்பெனிக்காரன் இப்படித்தான் போட்டான். அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

நவம்பர் 29, புதன்

கிளாரன்ஸ் ஒத்திகைக்குப் பெங்களூரிலிருந்து ரயிலில் வந்துபோனால் தொண்டைக்கு ஆகாதாம். நம் வீட்டில் தங்குகிறான். யார் முடிவு செய்தது என்று என் மனைவி எமிலியைக் கேட்டேன். "இதுல முடிவு பண்ண என்ன இருக்கு, உங்க சிநேகிதர்தானே" என்றாள். முன்னறை ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டிருக்கிறாள். பழைய திரை போன ஈஸ்டரிலிருந்து கிழிந்துதான் கிடந்தது.

டிசம்பர் 1, வெள்ளி

தண்ணீர் வரவில்லை. டேங்கர் சொல்லி, அதுவும் வரவில்லை.

டிசம்பர் 4, திங்கள்

வந்துவிட்டான். கழுத்தில் மஃப்ளர், தலையில் சாயம். எழுபத்து மூன்று வயசுக்கு அந்தக் கருப்பு கொஞ்சம் ஜாஸ்தி. "தியோ" என்று கட்டிப்பிடித்தான். நல்ல சென்ட்.

எமிலி மீன் குழம்பில் மிளகாயைப் பாதியாகக் குறைத்திருந்தாள், அவன் தொண்டைக்காக. நான் காரம் தாங்கவில்லை என்று சொன்ன நாளெல்லாம் தயிர் ஊற்றிக்கொள்ளச் சொன்ன புண்ணியவதி. குழம்பு சப்பென்று இருந்தது. கிளாரன்ஸ் மூன்று தடவை போட்டுக்கொண்டான்.

டிசம்பர் 6, புதன்

நம் வீட்டுக் கூடத்தில் முதல் ஒத்திகை.

மேடையில் எங்களுக்குச் சுருதிப் பெட்டி கிடையாது. அந்த நாளிலிருந்தே சுருதி கொடுப்பது என் வேலை. நான் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்' என்று ஒரு நோட் கொடுப்பேன், அதைப் பிடித்துக்கொண்டு நாலு பேரும் எழும்புவோம். எந்த நோட்டையும் நினைவிலிருந்தே எடுக்கிற காது எனக்கு. இதில் பெனடிக்ட் வைத்த சட்டம் ஒன்று உண்டு: தியோ கொடுத்தால் கொடுத்ததுதான். மேடையில் யாரும் திரும்பக் கேட்கக் கூடாது, சைகை காட்டக் கூடாது. ஜனங்கள் எதிரில் சுருதி தேடுகிறவன் வீட்டுக்குப் போகலாம் என்பான்.

ரிக்கார்டில் மார்கரெட் பாட்டு ஜி சுருதியில் இருக்கிறது. இன்றைக்கு ஜி கொடுத்தேன். 'வந்திடூ' வந்தபோது கிளாரன்ஸின் குரல் பட்டென்று உடைந்து காற்றுதான் வந்தது. சிரித்துச் சமாளித்தான். ஒரு படி இறக்கினேன், உடைந்தது. இன்னொரு படி, அங்கேயும் கீறல். கடைசியில் ஈ-யில் நின்றோம், ஜி-யிலிருந்து மூன்று படி கீழே. அதில் மட்டும் மேல் நோட் மயிரிழையில் நிற்கிறது. ஈ-யே இருக்கட்டும் என்று எல்லோரும் முடிவு செய்தோம்.

எனக்கு ஜி-யும் ஒன்றுதான், ஈ-யும் ஒன்றுதான். என் அடிக்குரலில் ஒரு பிசிறு இல்லை. இதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எமிலி காப்பித் தட்டோடு வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு. கிளாரன்ஸ் பாடும்போது பெண்கள் கண்ணை மூடிக்கொள்வது புதிதில்லை. அந்த நாளிலும் கிளப் ஹாலில் முதல் வரிசையில் இவள் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். நான் கட்டிக்கொண்டது அதற்கப்புறம்தான்.

டிசம்பர் 10, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வர ஒரு யுகம் ஆனது. கிளாரன்ஸைச் சுற்றி ஒரே கூட்டம். பேரன் பேத்தி எடுத்த பெண்கள்கூட என்னவோ பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றார்கள். ஒரு அம்மா என் கையில் போனைக் கொடுத்து, "அண்ணா, அவரோட ஒரு போட்டோ எடுங்க" என்றது.

எடுத்துக் கொடுத்தேன். கிளாரன்ஸின் தலை வரவில்லை. கை நடுங்கிவிட்டது என்றேன்.

டிசம்பர் 12, செவ்வாய்

மின்சாரக் கட்டணம் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் சமையலறையில் சிரிப்புச் சத்தம். எமிலி கிறிஸ்துமஸ் பலகாரம் கல்கலுக்கு மாவை உருட்டிக் கொடுக்க, கிளாரன்ஸ் ஃபோர்க்கின் முதுகில் வைத்து வரி போட்டுச் சுருட்டிக்கொண்டிருக்கிறான். எனக்கு அது வராது, நான் செய்தால் சப்பையாகிவிடும் என்று எமிலி என்னை எப்போதும் உள்ளே விடுவதில்லை. நான் நுழைந்ததும் பேச்சு நின்றது.

அவன் குளிக்கப் போனதும் கேட்டேன். எமிலி முதலில் மழுப்பினாள். அப்புறம் சொன்னாள். இரண்டு வருஷம் முன்னால் அவன் தொண்டையில் கட்டி எடுத்திருக்கிறார்களாம். அதற்கப்புறம் ஜனங்கள் முன்னால் பாடுவது இதுதான் முதல் தடவை.

"மேடையில குரல் உடைஞ்சா அதோட வாயைத் திறக்க மாட்டேன், சர்ச்சுலகூடப் பாட மாட்டேன்னு சொல்றாருங்க. ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லையாம். பாவமா இருக்கு. நீங்கதான் பார்த்துக்கணும்."

என்னிடம் சொல்லவில்லை. ஒரே மேடையில் நின்றவன் நான். எமிலியிடம் சொல்கிறான், கல்கல் சுருட்டிக்கொண்டு.

நான் பொறாமைக்காரன் இல்லை. என் வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

டிசம்பர் 14, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. மாத்திரை வாங்கினேன். கல்கல் டப்பாவில் பாதியைக் கிளாரன்ஸுக்கென்று எடுத்து வைத்திருக்கிறாள்.

குளிக்கும்போது ஜி எடுத்துப் பார்த்தேன். சுத்தமாக வந்தது. சும்மாதான் பார்த்தேன்.

டிசம்பர் 16, சனி

திரும்பி வந்துவிட்டோம். நாளைக்கு எழுதுகிறேன்.

டிசம்பர் 17, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று எமிலியிடம் சொன்னேன். ஒன்றும் கேட்காமல் போனாள்.

நேற்று ஹால் நிரம்பி வெளியே வராந்தாவிலும் நின்றார்கள். கரோல், நாடகம், சின்னப் பிள்ளைகள் நடனம் எல்லாம் முடிந்து கடைசியில் நாங்கள். அறிவிப்பாளன் மைக்கைப் பிடித்துக்கொண்டு கிளாரன்ஸ் பிறந்தது, வளர்ந்தது, அவன் குரல் தேன், அவன் குரல் தென்றல் என்று அளந்துகொண்டே போனான். முடிவில், "அவருடன் அவருடைய நண்பர்கள்" என்றான். பெனடிக்ட் பெயரைக்கூடச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற ஷீபாவின் முகம் சுருங்கியது. எனக்குக் காது சுட்டது.

முதல் மூன்று பாட்டும் நன்றாகப் போனது. கடைசிப் பாட்டு மார்கரெட். ஹால் அமைதியானது. எல்லோரும் என் 'ம்ம்'-க்குக் காத்திருந்தார்கள்.

ஜி வந்துவிட்டது.

வாய் தவறிவிட்டது. பழக்கம். எத்தனையோ வருஷம் ஜி கொடுத்த வாய்.

சுந்தர்சிங் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஷீபா கண்ணை அகலமாக விரித்தாள். ஆனால் சட்டம் சட்டம்தான், யாரும் கேட்கவில்லை. கிளாரன்ஸ் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. மஃப்ளரைக் கழற்றிப் பாக்கெட்டில் திணித்துவிட்டு ஆரம்பித்தான்.

முதல் சரணம் வந்தது. ஓரமெல்லாம் கரகரப்பு, ஆனால் வந்தது. நான் அடியில் தும்-தும் கொடுத்துக்கொண்டே அவன் கழுத்து நரம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'மழைக்கு முன்னே' வரை ஏறினான். 'வந்திடூ' என்று வாயைத் திறந்தான். உடைந்தது. வீட்டில் உடைந்ததைவிட மோசமாக. ஒரு கீச்சுச் சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. மைக் அதைக் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவன் முகம் வெளுத்துப்போனது.

அடுத்த மூச்சுக்குள் ஹால் அதை எடுத்துக்கொண்டது. முதலில் வராந்தாப் பக்கம் யாரோ, அப்புறம் எல்லோரும். 'வந்திடூ' என்று ஜி-யின் உச்சியில், பிசகாமல், கிழவி கிழவன் குஞ்சு குளுவான் எல்லோரும் சேர்ந்து. அவர்கள் காதில் ஐம்பது வருஷமாக இருப்பது ரிக்கார்டின் ஜி-தானே. நாங்கள் ஈ-யில் பாடியிருந்தால் அந்த இடத்தில் யாருக்கும் வாய் வந்திருக்காது. கிளாரன்ஸ் மைக்கை அவர்கள் பக்கம் நீட்டினான். கண்ணீர் வழிய நின்றான். மிச்சப் பாட்டு முழுவதும் மேல் குரலை ஜனங்கள் பாட, அவன் இடையிடையே சும்மா பேசுகிற மாதிரி வார்த்தைகளைச் சொன்னான். மறுபடி ஒருதரம் கேட்டார்கள், மறுபடியும் பாடினோம். மறுபடியும் ஜி.

மேடைக்குப் பின்னால் வந்து என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டான். தோள் குலுங்கியது.

"ஈ-யில பாடியிருந்தா ஜனங்க கைதட்டிட்டுப் போயிருப்பாங்கடா தியோ. நீ எனக்குச் சுருதி கொடுக்கல. அவங்களுக்குக் கொடுத்தே. எப்படிடா தோணிச்சு உனக்கு?"

சட்டை ஈரமாகிவிட்டது, அவன் அழுததில்.

டிசம்பர் 18, திங்கள்

கிளாரன்ஸ் காலை ரயிலுக்குப் போய்விட்டான். எமிலி கல்கல் கட்டிக் கொடுத்தாள். அதற்கப்புறம் பேச்சே இல்லை. தட்டை வைக்கிறாள், எடுக்கிறாள். அவன் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது போலிருக்கிறது, அம்மாவுக்கு.

டிசம்பர் 20, புதன்

அந்த வீடியோவை எத்தனையோ பேர் பார்த்துவிட்டார்களாம். ஷீபா அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். உடைந்த குரலைக் கேட்டுத்தான் அழுகிறார்களாம். அவன் நன்றாகப் பாடினாலும் அவனுக்குத்தான் பேர், பாடாவிட்டாலும் அவனுக்குத்தான் பேர். இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும்?

வீடியோவில் நான் ஓரத்தில் நிற்கிறேன். உடையும் நேரத்தில் என் முகம் தெரிகிறது. போனை மூடிவிட்டேன்.

டிசம்பர் 23, சனி

வீடு வீடாகப் பாடிவரும் கரோல் பார்ட்டி வந்தது. எமிலி கேக்கும் காப்பியும் கொடுத்தாள். "தியோ அங்கிள்தான் சுருதியை மாத்திக் கொடுத்தாராமே" என்று ஒரு பையன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். கிளாரன்ஸ் ஊர் பூராவும் போன் போட்டுச் சொல்லியிருக்கிறான். தியோவின் காதுதான் செகண்ட் ஷிஃப்ட், நாங்களெல்லாம் சும்மா வாயசைத்தவர்கள் என்கிறானாம்.

எமிலி காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். முதுகைப் பார்த்தால் கோபம் மாதிரி தெரிந்தது. அவள் ஆளை ஓரங்கட்டி என்னைப் புகழ்ந்தால் கசக்கத்தானே செய்யும்.

டிசம்பர் 25, திங்கள்

கிறிஸ்துமஸ். மகன் துபாயிலிருந்து பேசினான். மட்டன் நன்றாக வெந்திருந்தது. எமிலி அடுப்படியிலேயே சாப்பிட்டாள்.

டிசம்பர் 27, புதன்

ஜனவரியில் பெங்களூரில் நிகழ்ச்சி. பெரிய ஹால். புதுப் போஸ்டர் வந்தது. 'தியோடரும் செகண்ட் ஷிஃப்டும்'. கிளாரன்ஸ் பிடிவாதமாகச் சொல்லி மாற்றினானாம்.

என் பெயரை அவ்வளவு பெரிய எழுத்தில் நான் பார்த்ததே இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மத்தியானம் சாப்பிடவில்லை.

எழுதிவிடுகிறேன். வாய் தவறவில்லை. தெரிந்துதான் கொடுத்தேன். அவன் உடைய வேண்டும், எல்லோரும் பார்க்க வேண்டும், முக்கியமாக எமிலி பார்க்க வேண்டும் என்று கொடுத்தேன். அப்புறம் அவன் பாடவே மாட்டான் என்பது தெரிந்தும் கொடுத்தேன்.

டிசம்பர் 29, வெள்ளி

கிளாரன்ஸுக்குப் போன் செய்தேன். சுற்றி வளைக்கவில்லை. "அந்த ஜி-யை உன்னைக் கெடுக்கத்தான் கொடுத்தேன். ஜனங்களை நினைச்சு இல்லை. நீ அவமானப்படணும்னு" என்றேன். கை நடுங்கியது, இந்தத் தடவை நிஜமாக.

அவன் சிரித்தான்.

"டேய், யாராவது நல்லாப் பேசினா உனக்கு உடம்பு கூசும்னு எனக்குத் தெரியாதா? அதுக்காக இப்படியாடா ஒரு கதை கட்டுவே?"

"கதை இல்லை கிளாரன்ஸ்."

"சரி சரி. போஸ்டரை மாத்த மாட்டேன், வீணா ட்ரை பண்ணாதே. எமிலிக்கு என் ஸ்தோத்திரம் சொல்லு. அன்னைக்கு மாதிரியே ஜி-யே கொடு, தெரியுதா?"

போனை வைத்துவிட்டான். சாயங்காலத்துக்குள் ஷீபா மெசேஜ் அனுப்பினாள்: இவ்வளவு தன்னடக்கமா அங்கிள் உங்களுக்கு? கூடவே கைகூப்பும் படம்.

ஜனவரி 2, செவ்வாய்

நாளைக்குப் பெங்களூர் போக வேண்டும், ஒத்திகைக்கு. எமிலி என் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நீயும் வருகிறாயா என்று கேட்டேன். வரவில்லை என்றாள்.

"கிளாரன்ஸைப் பார்க்கலாமே" என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன், புத்தி போகுமா?

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எதுக்கு?" என்றாள்.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். ஜி-யை ஏன் கொடுத்தேன் என்பதை, கிளாரன்ஸுக்குப் போன் பண்ணிச் சொன்னதை, அவன் சிரித்ததை. யாருமே நம்ப மாட்டேன் என்கிறார்கள் என்றேன்.

"நான் நம்புறேங்க" என்றாள்.

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். முகத்தில் ஆறுதல் ஒன்றும் இல்லை.

"நீங்க ம்ம்-ன்னு எடுத்த உடனேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அது மறந்துபோய்க் கொடுத்த நோட் இல்லைங்க. மறந்தா உங்க குரல் கொஞ்சம் தேடிட்டு வரும். அன்னைக்கு நேராப் போய் நின்னுச்சு."

"உனக்கு எப்படி..." என்று ஆரம்பித்தேன்.

"கிளப் ஹால்ல முதல் வரிசையில கண்ணை மூடிட்டு உட்கார்ந்திருந்தேனே, யாரைக் கேக்குறதுக்குன்னு நினைச்சீங்க? அவர் பாட்டைத் திறந்த கண்ணோட கேக்கலாம். அது பாட்டுக்கு வந்து காதுல விழும். உங்களைக் கேக்கணும்னாத்தான் கண்ணை மூடணும்."

சட்டையை மடித்தாள். காலரைச் சரிசெய்து பெட்டியில் வைத்தாள். "நாலு நல்ல சட்டை இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஒரு ஆளாவது என்னைக் கேட்க மாட்டாளா என்று இத்தனை வருஷம் வெந்துகொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பதினாறாம் தேதியும் கேட்டிருக்கிறாள்.